ஐந்து டிகிரி கோணல்

கணக்கு வகுப்பில் "இது எதுக்கு மேடம்?" என்று கேட்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். ஒன்றும் கேட்காமல் போர்டில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்தால்தான் எரிச்சல் வரும். கல்லூரியில் இறுதியாண்டுக்கு நான் நடத்துகிற பாடத்தில் கான்ஃபார்மல் மேப்பிங் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு வடிவத்தை இழுத்து வளைத்து இன்னொரு வடிவமாக மாற்றலாம். ஆனால் இரண்டு கோடுகள் சந்திக்கிற இடத்தில் அவற்றுக்கு நடுவே இருக்கும் கோணம் மாறக் கூடாது. அளவு பெருக்கலாம், சிறுக்கலாம், கோணத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. பாடத்தின் சாரம் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் கணக்கு.

எதுக்கு என்று கேட்டால் நான் வழக்கமாக விமானத்தின் இறக்கையைச் சொல்வேன். இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படிப் போகும் என்று நேராகக் கணக்குப் போடுவது பெரும்பாடு. வட்டத்தைச் சுற்றி எப்படிப் போகும் என்பது சுலபம். வட்டத்தை இறக்கையாக மாற்றுகிற ஒரு சூத்திரம் இருக்கிறது. வட்டத்துக்குப் போட்ட விடையை அதன் வழியாக இறக்கைக்குக் கொண்டுபோய்விடலாம். அணைக்கு அடியில் ஊறும் தண்ணீருக்கும், தகட்டில் பரவும் சூட்டுக்கும் இதே வேலைதான்.

ஒரு வருடம் வகுப்பில் ஒரு பெண், "விமானத்துல நான் இன்னும் ஏறவே இல்ல மேடம், வேற சொல்லுங்க" என்றாள். நியாயம்தானே. அவளிடம் கையில் இருக்கிற ஃபோனை எடுக்கச் சொன்னேன். மதுரை வரைபடத்தில் கோரிப்பாளையம் சந்திப்பைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். அங்கே சாலைகள் ஒன்றுக்கொன்று எந்த ஒழுங்கும் இல்லாமல் வெட்டிக்கொள்ளும். நேரில் நின்றால் என்ன கோணத்தில் வெட்டுமோ, ஃபோன் படத்திலும் அதே கோணம். உருண்டையான பூமியைத் தட்டையான திரையில் விரிக்கும்போது ஏதாவது ஒன்று கெட்டுத்தான் ஆக வேண்டும். இந்தப் படத்தைச் செய்தவர்கள் அளவைக் கெடுத்துக் கோணத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதனால்தான் வடக்கே போகப் போக நாடுகள் ஊதிப் பெருத்துத் தெரிகின்றன. பரோட்டா மாவை ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அதன் மேல் போட்ட கோலம் கோணிப்போகும், எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இழுத்தால் கோலம் கோலமாகவே பெரிதாகும் என்றேன். வகுப்பு சிரித்தது. "அளவுல பொய் சொல்லும், கோணத்துல சொல்லாது" என்று சொல்லி முடித்தேன். எனக்கே அந்த வாக்கியம் பிடித்துப்போனது.

பிடித்துப்போன வாக்கியத்தை யாராக இருந்தாலும் இரண்டாம் தடவையும் சொல்வோம். மத்தியானம் சாப்பிடும்போது இயற்பியல் துறையில் இருக்கும் என் தோழியிடம் சொன்னேன். அவள் என்னைவிடச் சில வயது இளையவள், என்னை அக்கா என்பாள். வீடு கோரிப்பாளையத்தில்தான், தர்காவுக்குப் பின்பக்கத்துத் தெரு. அவள் சாப்பிடுவதை நிறுத்தி, "அப்ப அந்தப் படத்துல மதுரையிலருந்து மக்காவுக்கு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டா, திசை சரியா இருக்குமாக்கா?" என்று கேட்டாள்.

நான் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்காமல், "கோணம் பிசகாதும்மா" என்றேன்.

அவள் ஏன் கேட்டாள் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு அவள் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். எதுவும் கோணலாக இருந்தால் அவருக்குத் தாங்காது. சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் எழுந்து போய் நிமிர்த்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு நாகமலை புதுக்கோட்டைக்கு வந்தபோது, நான் மாட்டி வைத்திருந்த என் கல்யாணப் போட்டோவை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேர் பண்ணினார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் போட்டோ அழகாகத்தான் இருந்தது.

கொரோனா இரண்டாம் அலையில் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேரே கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் உடுப்பும் கையில் உறையும் போட்ட தன்னார்வலர்கள் குழி தோண்டி அடக்கிவிட்டுப் போனார்கள். முகம் தெரியாத பிள்ளைகள். அன்றைக்கு அவர்களுக்கு அது போல இன்னும் எத்தனையோ. அவளுடைய தம்பியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவளும் அப்போது காய்ச்சலில் கிடந்தாள். நான் ஃபோனில் அழுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாத நாட்கள் அவை.

இத்தனை வருடம் கழித்து, மழையில் மண் மேடு கரைந்து அடையாளமே போய்விடும் போலிருக்கிறது என்று, கபரைச் சுற்றித் தரையோடு தரையாக ஒரு செங்கல் விளிம்பு கட்டலாம் என்று தம்பி கிளம்பியிருக்கிறான். அவன் பழைய பைக் சாமான் கடை வைத்திருப்பவன், வாய் கொஞ்சம் நீளம். அளவெடுக்கப் போனவன் திரும்பி வந்து அக்காவிடம் போகிற போக்கில் சொல்லிவிட்டான், பக்கத்தில் எல்லாம் வரிசையாக இருக்கிறது, மச்சான் கபர் மட்டும் கோணலாக இருக்கிறது என்று. ஆறடி நீளத்தில் அரையடி விலகல்.

அவர்கள் முறைப்படி உடலை வலப்பக்கமாக ஒருக்களித்து, முகம் மக்காவைப் பார்க்கும்படி வைப்பார்கள். கபரின் நீளம் அந்தத் திசைக்குக் குறுக்காக இருக்கும். கபர் கோணல் என்றால் முகமும் கோணல். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் கிழக்கைக் குத்துமதிப்பாகக் கை காட்டுவார், ஒருவரும் டிகிரி பார்த்ததில்லை. அதனால் இது ஒருத்தியை எவ்வளவு அரிக்கும் என்று எனக்கு முதலில் உறைக்கவில்லை.

அவள் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் பார்த்து இருந்தால் போதும், இம்புட்டு நுணுக்கம் மார்க்கத்தில் கேட்கவில்லை, மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம் என்று அவர் பக்குவமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆனால் அவளுக்கு வேண்டியது சட்டம் இல்லை. திசை காட்டுகிற ஆப் வேண்டாம், அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், கண்ணால் பார்த்து அளக்கிறேன் என்று ஃபோன் படத்தை அச்செடுத்து ஸ்கேல் வைத்திருக்கிறாள். மேற்கிலிருந்து வடக்கே பதினேழு டிகிரி வந்தது. தம்பியைத் திசைமானியோடு அனுப்பியதில், பக்கத்துக் கபர்களின் வரிசை ஏறக்குறைய அந்தப் பதினேழோடு ஒத்துப்போனது. அவள் கணவருடையது இருபத்திரண்டு.

இயற்பியல் லேபில் வைத்து இதையெல்லாம் சொல்லி முடித்தாள். குரல் உயரவே இல்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சு கொத்தனார் வாராருக்கா. வரிசைப்படி நேராக் கட்டுனா அவுக உடம்பு மேலயே செவரு போகும். மேட்டு மேலயே கட்டுனா, கோணலாப் போட்டுட்டுப் போனத நானே செங்கல் வெச்சுக் காட்டுன மாதிரி ஆயிரும். அன்னைக்கு அவுகள அம்புட்டு அவசரத்துல தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாகளா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கணக்கில் பிழை இருக்கிறதா என்று தேடத்தான் வரும். முதலில் தம்பியின் திசைமானி மேல் சந்தேகப்பட்டேன். மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் கபர்ஸ்தானுக்குப் போனோம். அவர்கள் ஜமாத்தில் பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. மதில் ஓரத்து வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டோம், தம்பி மட்டும் உள்ளே போனான். இரும்புக் கேட்டை விட்டுத் தள்ளி வை, பாக்கெட்டில் இருக்கிற சாவிக்கொத்தை எடுத்து வெளியே போடு, தலைமாட்டிலிருந்து ஒரு தடவை, கால்மாட்டிலிருந்து ஒரு தடவை பார் என்று மதிலுக்கு மேலே எட்டி எட்டி நான் உத்தரவு போட்டேன். சைக்கிளில் போன ஒருவர் கால் ஊன்றி நின்று என்னை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

எல்லாத் தடவையும் இருபத்திரண்டை ஒட்டித்தான் வந்தது. அவன் வெளியே வந்து, "மேடம், ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீக. தொழுகைக்குத் திசை காட்டுற ஆப்ப சும்மா போட்டுப் பாத்தேன். அது மச்சான் எப்பிடி இருக்காகளோ அப்பிடித்தான் காட்டுது. பக்கத்து வரிசையத்தான் விலகிருக்குங்குது" என்றான்.

அவன் அக்கா உடனே அவனை அடக்கினாள். விளம்பரம் போட்டுப் பிழைக்கிற ஆப்பை நம்புவதா, கணக்கு சொல்லித் தருகிறவர்களை நம்புவதா என்று அவனிடம் கேட்டாள். என்னைப் பார்த்து, "நீங்க கோணம் பிசகாதுன்னீகள்ல?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னோடு பஸ் ஏறி நாகமலை வரைக்கும் வந்தது. ஆப் ஒன்று சொல்கிறது, படத்தின் மேல் வைத்த ஸ்கேல் இன்னொன்று சொல்கிறது. இரண்டும் ஒரே மதுரை, ஒரே மக்கா. படம் கோணத்தைக் காப்பாற்றுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதை நானே வகுப்பில் நிரூபித்திருக்கிறேன். அப்படியானால் ஐந்து டிகிரி எங்கே போய் ஒளிந்துகொண்டது? கவலைப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஆர்வம்தான் பொங்கியது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். குழம்புக்குப் புளி கரைத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். புளி கரைந்தது, கேள்வி கரையவில்லை.

எதிர் வீட்டில் படிக்கிற மேசையில் ஒரு சின்ன பூமி உருண்டை இருப்பது ஞாபகம் வந்தது. கேட்டு வாங்கி வந்தேன். மதுரை இருக்கிற இடத்தில் தையல் நூலின் ஒரு நுனியைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியை மக்காவுக்குக் கொண்டுபோய் இழுத்துப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்த நூல் குறுக்கு வழியைத்தான் எடுக்கும், அதற்கு வேறு வழி தெரியாது. ஸ்கேல் கோடு போகிற பாதையில் நூல் போகவில்லை. மதுரையை விட்டுக் கிளம்பும்போதே இன்னும் கொஞ்சம் வடக்கே தலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது, பிறகு மெல்ல இறங்கி மக்காவில் சேர்ந்தது.

அப்போது பொறி தட்டியது. படம் காப்பாற்றுவது கோணத்தை. நேர்கோட்டை அல்ல. உருண்டையின் மேல் நேராகப் போகிற பாதை, படத்தில் வடக்குப் பக்கம் வில் போல வளைந்துதான் விழும். படத்தில் நேராக இருக்கிற கோடோ, உருண்டையின் மேல் நேர் அல்ல. அந்தக் கோட்டின் வழியே போகிறவனுக்குத் திசைமானியின் எண் மாறாமல் இருக்கும், ஆனால் அவன் தெரியாமலே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருப்பான். நூல் போன பாதையைப் படத்தில் வளைவாக வரைந்து, அது மதுரையில் கிளம்புகிற இடத்தில் கோணத்தை அளந்தால் சரியான விடை வரும். படம் அந்தக் கோணத்தை ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறது. பொய் சொன்னது படமில்லை, அதன் மேல் வைத்த ஸ்கேல்.

அடுப்பை அணைத்துவிட்டு, கோளத்து முக்கோணத்துக்கான சூத்திரத்தில் இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டேன். மேற்கிலிருந்து வடக்கே இருபத்திரண்டு டிகிரி. மறுபடியும் போட்டேன். அதேதான். உடனே அவளுக்கு ஃபோன் செய்யக் கை பரபரத்தது. ஆனால் வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், கண்ணால் பார்க்க வேண்டும் என்பாள் என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் உருண்டையைத் துணிப்பையில் போட்டுக் கல்லூரிக்குத் தூக்கிப் போனேன். லேபில் பிள்ளைகள் இல்லாத நேரம். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினாள். நூலை வாங்கி அவளே இழுத்துப் பிடித்தாள், அவளே கோணமானியை வைத்தாள். தள்ளி வைத்து இன்னொரு தடவை பார்த்தாள். நான் போட்ட கணக்கை வரி வரியாகச் சரிபார்த்தாள். ஒரு இடத்தில் நான் ஆறை பூஜ்யம் மாதிரி எழுதியிருந்ததற்குத் திட்டும் வாங்கினேன்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சரியாத்தான் பாத்துக்கிட்டிருக்காகளா?" என்றாள்.

சரியாகத்தான் என்றேன். பக்கத்து வரிசையில் இருப்பவர்களுக்கும் குறையில்லை, அவர்கள் மதிலை அனுசரித்து வைத்திருப்பார்கள், ஹஜ்ரத் சொன்னதுதான் அவர்களுக்கும் என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் நான் சொன்னது காதில் விழவில்லை என்று தெரிந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவசரத்துல தோண்டுறவன் எதப் பாத்துத் தோண்டுவான்? பக்கத்துல இருக்குற வரிசையப் பாத்துத்தான? வரிசையோட ஒட்டிப் போட்டுட்டுப் போறது சுலபம். இது வரிசையில இல்ல. ஆப் காட்டுற எடத்துல இருக்கு."

நான் கோணத்தோடு நின்றுவிட்டேன், அவள் அந்தக் கோணத்துக்குப் பின்னால் நின்றிருந்த ஆளையும் பார்த்துவிட்டாள். ஆனாலும் என் புத்தி என்னை விடாது. இது தற்செயலாகவும் இருக்கலாம், நிரூபணம் ஆகாது என்று சொன்னேன். சொன்னவுடனேயே ஏன் சொன்னோம் என்று இருந்தது.

அவள் எழுந்து போய் லேப் அலமாரியைத் திறந்தாள். அந்தக் காலத்தில் துறைக்கு வாங்கிய ரப்பர் கையுறைகளில் மிச்சம் அடியில் கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாட்டிக்கொண்டாள். அப்போதெல்லாம் அப்படித்தான் போடச் சொன்னார்கள். என் ஃபோனை மேசையில் வைத்து, உறை போட்ட விரலால் திரையைத் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தினாள், தேய்த்தாள். ஃபோன் கல்லாகக் கிடந்தது.

அவள் உறைகளைக் கழற்றினாள். வெறும் விரலால் தொட்டதும் திரை திறந்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கழட்டியிருக்கணும்க்கா" என்றாள். "அந்த எடத்துல, அன்னைக்கு இருந்த பயத்துல, யாரோ ஒரு புள்ள கையுறையக் கழட்டிட்டு ஃபோன எடுத்துப் பாத்திருக்கு. யாருன்னே தெரியாத அவுகளுக்காக."

அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். பிராக்டிகலுக்கு வந்த பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் போய் அடுத்த மணிக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பிள்ளை யார் என்று விசாரிக்கலாமா என்று கேட்டேன். தேடிப் பிடித்துக் கேட்டு உறுதி செய்துகொள்ள எனக்குத்தான் ஆசை. அவள் வேண்டாம் என்றுவிட்டாள். தேடுகிறதென்றால் நீங்கள் தேடுங்கள், எனக்கு இது போதும், இனி ஒவ்வொரு தொழுகையிலும் அவனுக்கும் சேர்த்து துஆ கேட்கப் போகிறேன் என்றாள். நான் தேடவில்லை. இதைப் போல ஒரு கேள்வியை விடை இல்லாமல் விட்டு வைத்தது என் வாழ்க்கையில் அபூர்வம்.

வகுப்பில் இப்போது அந்த வாக்கியத்தை அரைகுறையாக விடுவதில்லை. கோணத்தில் பொய் சொல்லாது, ஆனால் படத்தில் நேராகத் தெரிவதெல்லாம் நேர் என்று நினைத்துவிடாதீர்கள் என்று சேர்த்துச் சொல்கிறேன், எதிர் வீட்டு உருண்டையை வாங்கிப்போய் நூலைப் பிடித்துக் காட்டுகிறேன். எதிர் வீட்டுக்காரர்களே நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கொத்தனார் வந்தார். நாங்கள் மதிலுக்கு வெளியே அதே வேப்ப மரத்தடியில் நின்றோம். மண் மேடு எப்படி இருந்ததோ அதன் மேலேயே நூல் பிடித்துச் செங்கல் வைக்கச் சொல்லியிருந்தாள். கொத்தனாருக்கு மனசு ஒப்பவில்லை போல. நூல் பிடிக்க எதிர்ப்பக்கம் நின்ற தம்பியிடம், வரிசையை விட்டு அரையடி கோணலாப் போகுதே மாப்ள, நேர் பண்ணிருவோமா என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

கோணல் என்று முதன்முதலில் சொன்னவனே அவன்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ணே" என்றான். "அது ஒருத்தன் பாத்து வெச்சது."